அரசே ஒரு சமூக ஊடகத்தை முடக்கினால் ஆப்பிரிக்க மக்கள் எங்கே போய் முறையிடுவார்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவில் அதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது. நைஜீரியாவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

2021 ஜூன் தொடக்கத்தில் அன்றைய அதிபர் முகம்மது புகாரி ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். நைஜீரியாவிலிருந்து பிரிந்து போக முயன்ற பயாஃப்ராப் பகுதியோடு 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரை நினைவூட்டி, கலகம் செய்வோருக்கு அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே பதில் கிடைக்கும் என்று மிரட்டும் பதிவு. அந்தப் பகுதியின் ஈபோ இன மக்கள் பட்டினியால் கொத்துக்கொத்தாக மாண்ட போர் அது. ட்விட்டர் பதிவை நீக்கியது. ஜூன் 4 அன்று அரசு ட்விட்டரையே தடை செய்தது. 2022 ஜனவரி வரை, ஏழு மாதங்களுக்கு மேல், தடை நீடித்தது.

மீறிப் பயன்படுத்துவோர் மீது வழக்குத் தொடரும்படி நீதி அமைச்சர் உத்தரவிட்டார். எந்தச் சட்டத்தின் கீழ்? ட்விட்டர் பார்ப்பதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் நைஜீரியாவில் இல்லை. சட்டமே இல்லாமல் ஒரு ஜனநாயக அரசு மக்களைச் சிறைக்கு அனுப்பத் துணிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

செராப் என்ற உரிமை அமைப்பும் 176 குடிமக்களும் அபுஜாவில் இருக்கும் இக்கோவாஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நடத்தும் நீதிமன்றம் இது. யாரையும் தண்டிக்கக் கூடாது என்று ஜூன் 22 அன்றே இடைக்கால உத்தரவு வந்தது. தடை சட்டவிரோதம், ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தின் 9ஆம் பிரிவை மீறியது என்ற தீர்ப்பு 2022 ஜூலை 14 அன்றுதான் வந்தது. தடை நீங்கி ஆறு மாதம் கழித்து வந்த தீர்ப்பால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றே வாரத்தில் வந்த அந்த இடைக்கால உத்தரவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கைது பயத்தில் இருந்த மக்களுக்குத் துணை நின்றது அதுதான்.

இந்த வாசல் தானாகத் திறக்கவில்லை. 2003இல் எல்லை மூடப்பட்டதால் நஷ்டப்பட்ட ஒரு நைஜீரிய வியாபாரி தொடுத்த வழக்கை, தனிமனிதர்கள் இங்கே வர முடியாது என்று சொல்லி 2004இல் இதே நீதிமன்றம் தள்ளியது. அடுத்த ஆண்டே விதியைத் திருத்தினார்கள். இப்போது உள்நாட்டு நீதிமன்றங்களின் படிகளில் எல்லாம் ஏறி முடிக்காமலே நேராக இங்கே வரலாம். நம் சார்க் அமைப்புக்கு இப்படி ஒரு நீதிமன்றமே கிடையாது.

குறையும் சொல்ல வேண்டும். தீர்ப்பை நிறைவேற்ற இந்த நீதிமன்றத்திடம் காவல்படை இல்லை. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கும் பிரிவு ஒன்று, நைஜீரியாவின் 2015ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, கருத்துரிமைக்கு விரோதமானது என்று 2020இல் சொன்னது. நைஜீரியா அதைத் திருத்தியது 2024இல். அதற்குப் பிறகும் அந்தச் சட்டத்தைக் காட்டிச் செய்தியாளர்களைக் கைது செய்வது நிற்கவில்லை.

என் பெரிய கவலை வேறு. ராணுவம் ஆளும் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டமைப்பை விட்டு வெளியேறிவிட்டன. இப்படி ஒரு வாசல் இன்று மிகவும் தேவைப்படுவது அந்த நாடுகளின் செய்தியாளர்களுக்குத்தான்.