ஆலயத்தில் சிரித்தால் பாவமா?

கேள்வி: எங்கள் சபையில் ஆராதனையின்போது வேதபாடம் வாசித்த வாலிபன் ஒருவன் நாக்குக் குழறி, தானே சிரித்துவிட்டான். நாங்களும் சிரித்தோம். அப்புறம் மூப்பர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும், “இயேசு கண்ணீர் விட்டார் என்று வேதத்தில் இருக்கிறது. சிரித்தார் என்று இருக்கிறதா?” என்று அவனைக் கண்டித்தார். இப்போது அவன் வாசிக்க வருவதே இல்லை. ஆலயத்தில் சிரிப்பது பாவமா?

பதில்: பாவமில்லை. அந்தப் பையனை எல்லார் முன்னிலையிலும் கூனிக் குறுக வைத்ததுதான் தவறு.

மூப்பரின் வாதம் புதிதல்ல. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் கிறிசோஸ்தமும் இதையே பிரசங்கித்திருக்கிறார். அவர் பெரிய போதகர்தான். ஆனால் இந்த விஷயத்தில் என்னால் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. இயேசு ஆவியிலே களிகூர்ந்தார் என்று லூக்கா 10:21 சொல்கிறது. அதே லூக்காவின் 6-ம் அதிகாரத்தில், “இப்பொழுது அழுகிற நீங்கள் பாக்கியவான்கள், இனி நகைப்பீர்கள்” என்று அவரே வாக்குக் கொடுக்கிறார். அழுகிறவர்களுக்கு ஆண்டவர் ஆசீர்வாதமாகத் தரும் ஒன்று எப்படிப் பாவமாகும்?

“நகைக்கிற உங்களுக்கு ஐயோ” என்றும் அங்கேயே இருக்கிறதே என்று மூப்பர் கேட்கலாம். சரி, அதற்கு முந்தின வரிகளையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஐசுவரியவான்கள், திருப்தியுள்ளவர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் அங்கே வருகிறார். பசித்தவன் பக்கத்திலிருக்க, வயிறு நிறைந்தவன் கவலையில்லாமல் சிரிக்கும் சிரிப்பு அது. வாசிப்பில் தடுமாறிய பையனின் சிரிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இயேசுவின் சீஷனான யாக்கோபை ஏரோது ராஜா பட்டயத்தால் கொன்றுவிட்டான். பேதுரு சிறையில். சபையார் மாற்குவின் தாய் மரியாளின் வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். எதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்களோ அதுவே வாசலில் நிற்கிறது. அவர்களோ “நீ பிதற்றுகிறாய்” என்கிறார்கள். பேதுரு பாவம், வெளியே தட்டிக்கொண்டே இருக்கிறார்! எனக்கு இந்த இடத்தை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருகிறது. கொலையும் சிறையும் சொல்லும் அதிகாரத்தில், இந்தப் புத்தகத்தையும் எழுதிய லூக்கா இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பயத்தில் வாழ்ந்த அந்தச் சபைக்குப் பதறி ஓடவும், தன்னைத் தானே பார்த்துச் சிரிக்கவும் இடம் இருந்தது.

பரிகாசம் வேறு. தடுமாறுகிறவனை நோக்கிச் சிரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். துக்கத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவரையும் மறக்கக்கூடாது. சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று பவுல் இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்தார். பல சபைகளில் பாதி வசனத்துக்குத்தான் அனுமதி.

மூப்பரைத் தனியாகச் சந்தித்து மரியாதையோடு பேசுங்கள். அவருடைய பக்தியைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் எல்லார் முன்னிலையிலும் கண்டித்தவர், எல்லார் முன்னிலையிலும் அவனைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவன் சம்மதித்தால், அப்போஸ்தலர் 12-ஐயே வாசிக்கக் கொடுங்கள்.