வலி எட்டு, எழுதியது நான்கு

கேள்வி: எனக்கு 38 வயது. பல வருடங்களாக எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். இரண்டு முறை லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, ஹார்மோன் மாத்திரையும் எடுக்கிறேன். அடிவயிற்று வலி மட்டும் விடவில்லை. கஞ்சாவிலிருந்து தயாரித்த மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அதற்கு முன் நான்கு வாரம், வலிக்கு 0 முதல் 10 வரை எண் போட்டு டைரி எழுத வேண்டுமாம். எழுதி வருகிறேன் (டைரி மேசை மேல் கிடப்பதால், கணவரும் 13 வயது மகளும் பார்த்துப் பயந்துவிடக் கூடாதே என்று 8 என்று தோன்றும் நாளிலும் 4 என்றுதான் போடுகிறேன்). கஞ்சா என்றாலே பயமாக இருக்கிறது. பழக்கமாகிவிடுமா? சேரலாமா?

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, முதலில் அதற்கு வருகிறேன். கஞ்சாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அம்மா தாயே, அந்த ஆய்வில் உங்கள் வேலையே சரியான எண்ணை எழுதுவதுதான். வலியை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது, ஸ்கேனும் காட்டாது. இப்படிப்பட்ட ஆய்வில் பொதுவாகச் சிலருக்கு உண்மையான மருந்தும், மற்றவர்களுக்கு அதைப் போலவே இருந்தாலும் மருந்துப் பொருள் எதுவும் இல்லாத வெறும் மருந்தும் தருவார்கள். யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு பக்கமும் எழுதிய எண்களை வைத்துத்தான் தீர்ப்பு. வெறும் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வலி ஓரளவு குறைவதுண்டு. அதனால் உண்மையான மருந்து கூடுதலாகச் செய்யும் நன்மை சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும்.

இப்போது உங்கள் நான்கை அங்கே வைத்துப் பாருங்கள். பல வலி ஆய்வுகளில் சராசரி வலி இவ்வளவாவது இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் டைரியைப் பார்த்து "உங்களுக்கு அவ்வளவு வலி இல்லையே" என்று திருப்பி அனுப்பலாம். சரி, சேர்த்துக்கொண்டார்கள் என்றே வையுங்கள். மருந்து நன்றாக வேலை செய்து உங்கள் எட்டை ஐந்தாக்குகிறது. நீங்கள் அப்போதும் நான்கு என்று எழுதுவீர்கள். காகிதத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எடைக்கல்லைத் திருத்திவிட்டுத் தராசின் முன் நிற்கிற கதைதான். உங்களைப் போல இன்னும் சிலர் எழுதினால், நல்ல மருந்தும் பயனற்றது என்று ஒதுக்கப்படும். நாளை இதே வலியில் சுருண்டு படுக்கப்போகிற பெண்ணுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

எனக்கு இன்னொரு சந்தேகமும் வருகிறது. டாக்டரிடமும் இத்தனை வருடமாக நான்கு என்றுதான் சொல்லி வந்தீர்களா? அப்படியானால் உங்கள் மாத்திரையை மாற்றலாமா வேண்டாமா என்ற முடிவுகூடத் தப்புக் கணக்கில் எடுத்ததாக இருக்கலாம். இதை அவரிடம் நேரில் ஒத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு விஷயம். உங்கள் கணவரைப் பயத்திலிருந்து காப்பாற்றுவது கடமை என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனைவிக்கு வலிக்கிறது என்று தெரிந்துகொள்வதும், தெரிந்த பிறகு பயப்படுவதும், பயந்துகொண்டே பக்கத்தில் நிற்பதும் அவர் கடமை. அதை அவரிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு, யாருக்கும் புரியவில்லையே என்று இரவில் தனியாக அழ உங்களுக்கு உரிமை கிடையாது. வயது வந்த மனிதர், எட்டு என்ற எண்ணைப் படித்தால் உடைந்து போய்விட மாட்டார்.

மகள் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. எண்டோமெட்ரியோசிஸ் குடும்ப வழியில் வரக்கூடியது. தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இந்த நோயைக் கண்டுபிடிக்கவே 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு ஒரு காரணம், "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே" என்று பல்லைக் கடித்துக்கொள்ளப் பழக்கியதுதான். அம்மா சுருண்டு கிடப்பதையும் அந்தப் பெண் பார்க்கிறாள், டைரியில் நான்கு இருப்பதையும் பார்க்கிறாள். அவள் முறை வரும்போது என்ன எண் சொல்வாள் என்று நினைக்கிறீர்கள்?

சரி, கஞ்சா. போதை தருவது அதிலுள்ள டிஎச்சி என்ற பொருள். நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகலாம். தலைசுற்றல், தூக்கக் கலக்கம் வரலாம், வண்டி ஓட்டக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கஞ்சாவிலுள்ள இன்னொரு பொருளான சிபிடி போதை தராது. அதற்கு அடிமையாக்கும் தன்மை தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கை சொல்கிறது. ஆனால் அது கல்லீரலைப் பாதிக்கலாம், வேறு மருந்துகளோடு மோதலாம். உங்கள் ஹார்மோன் மாத்திரையையும் சேர்த்து எல்லாப் பெயரையும் எழுதிக் கொடுங்கள். கர்ப்பமாகும் எண்ணம் இருந்தால் இது வேண்டாம். மருந்தில் இரண்டில் எது, எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன் தரும் தகவல் தாளில் இருக்கும், படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

ஆய்வு வேண்டாம், சிபிடி எண்ணெயை இணையத்திலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்தார்கள். அளவு லேபிளில் உள்ளபடி இருந்தவை பத்தில் மூன்றுதான். 18-இல் டிஎச்சி இருந்தது.

சேரலாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் இந்த டைரியோடு வேண்டாம். ஆய்வுச் செவிலியரிடம் இதுவரை எழுதியது சரியில்லை என்று சொல்லுங்கள். முதலிலிருந்து எழுதச் சொன்னால் எழுதுங்கள். மேசையிலிருந்து டைரியை ஒளித்து வைக்காதீர்கள். அடுத்த முறை கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். இன்று இரவே மகளிடம் அவளுக்கு மாதவிடாய் நாட்களில் வலி எத்தனை என்று கேளுங்கள். பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு இருந்தால், உங்கள் டாக்டரிடம் அவளையும் காட்டுங்கள்.