அப்பா விட்டுச்சென்ற மருத்துவமனைப் பாக்கியை யார் கட்ட வேண்டும்?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்த என் அப்பா, இரண்டு மாதங்களுக்கு முன் ஈப்போவிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் காலமானார். அங்கே இன்னும் 27,000 ரிங்கிட் பாக்கி இருக்கிறது. சேர்க்கும்போது என் தம்பிதான் படிவங்களில் கையெழுத்திட்டான். அப்பாவின் கடன் அட்டையில் 8,000 ரிங்கிட் நிலுவை உள்ளது. அவர் பெயரில் ஒரு மலிவு விலை வீடும் இருக்கிறது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு அம்மாவை நியமித்திருந்தார். வசூல் ஆட்கள் தினமும் அழைத்து, பிள்ளைகள்தான் கட்ட வேண்டும் என்கிறார்கள். அம்மாவின் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமா?

பதில்: சகோதரி, அம்மாவின் பணத்தில் கை வைக்காதீர்கள். மலேசியச் சட்டப்படி இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது. மனைவி, மகன், மகள் என்ற உறவு மட்டுமே யாரையும் கடனாளி ஆக்கிவிடாது. முறையாக நியமனம் செய்யப்பட்ட இபிஎஃப் சேமிப்பு அந்தச் சொத்தில் சேராமல் நேரடியாக உங்கள் அம்மாவையே அடைகிறது. அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்கள் அதைக் கோர முடியாது. அப்பாவின் ஆயுள் காப்புறுதியில் மனைவியோ பிள்ளைகளோ நியமிக்கப்பட்டிருந்தால், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம் அந்தத் தொகைக்கும் இதே பாதுகாப்பைத் தருகிறது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது தம்பியின் கையெழுத்தைப் பற்றித்தான். நள்ளிரவில், நோயாளி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது நீட்டப்படும் தாளை யாரும் வாசிப்பதில்லை. தம்பி நெருங்கிய உறவினர் என்ற முறையில் சிகிச்சைக்குச் சம்மதம் மட்டும் தெரிவித்திருந்தால் பாக்கி அவரைச் சேராது. 'கட்டணம் முழுவதற்கும் நான் பொறுப்பேற்கிறேன்' என்ற உத்தரவாதத்தில் கையெழுத்திட்டிருந்தால், அது அவருடைய சொந்த ஒப்பந்தம். மருத்துவமனை அவர்மீதே வழக்குத் தொடர முடியும். எனவே முதலில் அந்தப் படிவத்தின் நகலையும், ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் விவரப் பட்டியலையும் எழுத்துமூலம் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர்களின் தொழில்முறைக் கட்டணத்துக்கு 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின் 13ஆவது அட்டவணை உச்சவரம்பு விதித்திருக்கிறது. மருந்து, உபகரணம் போன்றவை அந்த வரம்புக்குள் வருவதில்லை. பட்டியலைச் சரிபார்த்த பிறகு, தம்பி பொறுப்பாளி என்றே தெரிந்தாலும், அவரது சம்பளத்துக்கு ஏற்ற மாதத் தவணையைப் பேசித் தீர்மானிக்கலாம்.

வீட்டின் கதை வேறு. அது அப்பாவின் சொத்து என்பதால் கடன்களுக்கு ஈடாக நிற்கிறது. சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், உயர்நீதிமன்றம் போகாமல் 1955ஆம் ஆண்டு சிறு சொத்துகள் சட்டத்தின்கீழ் சொத்தை நிர்வகித்துப் பங்கிடுவதற்கு நில அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். நியாயமான ஈமச்சடங்குச் செலவும் நிர்வாகச் செலவும் முதலில், பிறகு கடன்கள், எஞ்சியதே வாரிசுகளுக்கு. அப்பா உயில் எழுதாமல் போயிருந்து, அவருடைய பெற்றோரும் உயிரோடு இல்லையென்றால், அந்த எஞ்சிய பங்கில் மூன்றில் ஒன்று அம்மாவுக்கும் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேரும். கடனைத் தீர்க்காமல் சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி தன் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட நேரிடும். அப்பாவின் ஏடிஎம் அட்டையில் இப்போது பணம் எடுப்பதும் இதே வகைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். இதுவரை எடுத்திருந்தால், எதற்குச் செலவானது என்ற ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சொத்துகளைக் கணக்கிடும்போது பழைய பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குகள் நம் தோட்டத்து மக்கள் பலரிடம் உண்டு. பிள்ளைகளுக்கு அது தெரியாமலே போவதும் உண்டு.

கடன் அட்டைக்கு நீங்களோ தம்பியோ துணை அட்டை வைத்திருக்கவில்லை, உத்தரவாதமும் தரவில்லை என்றால், வங்கிக்கு மரணச் சான்றிதழின் நகலை அனுப்பி, சொத்து நிர்வாகி நியமிக்கப்பட்டதும் அவரிடம் கோரிக்கையைச் சமர்ப்பிக்கும்படி எழுதிவிடுங்கள். தகப்பன் கடனோடு போனார் என்று ஊர் பேசக்கூடாது என்ற உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு நடுவிலேயே கடன் பேச்சு எழுவதை நானும் பார்த்திருக்கிறேன். பிற்பாடு உங்கள் விருப்பத்தால் கட்டுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் தொலைபேசி மிரட்டலுக்குப் பயந்து 'நான் கட்டுகிறேன்' என்று எதிலும் புதிதாகக் கையெழுத்திடாதீர்கள், தம்பியையும் இட விடாதீர்கள்.