ஜனவரியில் ஊருக்குப் போகும்போது ஹீட்டிங்கை அணைக்கலாமா?

தம்பி, கனடாவில் பிராம்ப்டனில் டவுன்ஹவுஸ் வாங்கி இது முதல் குளிர்காலம், பொங்கலுக்குக் குடும்பத்தோடு கோவை போய் ஆறு வாரம் இருக்கப் போகிறீர்கள், ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு கேஸ் பில், ஹீட்டிங்கை அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அணைக்கவே கூடாது. மூட வேண்டியது தண்ணீரை.

ஊரில் வீட்டைப் பூட்டும்போது சிலிண்டரைத் திருகி, மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புவோம். இங்கே அந்தப் பழக்கம் ஆகாது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஐஸ் பிடித்த இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று நினைப்போம், பெரும்பாலும் அப்படியில்லை. ஐஸ் அடைப்புக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். உறைந்திருக்கும்வரை வெளியே தெரியாது. குளிர் குறைந்து ஐஸ் இளகியதும் கொட்ட ஆரம்பிக்கும். ஆள் இருந்தால் ஓடிப்போய் வால்வை மூடலாம். பூட்டிய வீட்டில் யார் மூடுவது?

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்தது. வீட்டுக்காரர் ஹீட்டிங்கை அணைக்கவில்லை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் தானாகவே நின்றுவிட்டது. வெளிச்சுவரில் உள்ள அதன் காற்றுக் குழாயின் வாயைப் பனி மூடினாலே நின்றுவிடும். கராஜ் கதவின் அடியிலிருந்து டிரைவ்வே முழுக்க ஐஸ் படர்ந்திருந்ததைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சந்தேகமே வந்தது. உள்ளே மாடி பாத்ரூம் குழாய் பிளந்து, ஹாலின் ஜிப்சம் பலகைக் கூரை ஊறி, பெரிய துண்டாகப் பெயர்ந்து சோபாவின் மேல் விழுந்து கிடந்தது. மரத்தரைப் பலகைகள் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன. பேஸ்மென்ட்டில் கணுக்கால் தண்ணீர்.

அதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸ். இங்குள்ள பல பாலிசிகளில், குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் வீட்டில் இல்லாமல் போனால், குழாய் உறைந்து வரும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தினமும் ஒருவர் உள்ளே வந்து ஹீட்டிங் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. கம்பெனி கையை விரித்துவிட்டது. நீங்கள் போவது ஆறு வாரம். டிக்கெட் போட்டதுமே இன்ஷூரன்ஸ் புரோக்கரைக் கேளுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்கி வையுங்கள்.

சரி, கிளம்பும் அன்று என்ன செய்வது? தெர்மோஸ்டாட்டை 15, 16 டிகிரியில் வையுங்கள். மெயின் வால்வு பெரும்பாலும் பேஸ்மென்ட்டில், தெருப்பக்கச் சுவரில், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதை மூடி, மாடியில் ஒரு டேப்பையும் பேஸ்மென்ட் லாண்டரி தொட்டி டேப்பையும் திறந்தால் குழாய்களில் நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும். டாய்லெட்டை ஒருமுறை ஃபிளஷ் செய்யுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் என்றால் அடியில் உள்ள கப்போர்டு கதவைத் திறந்தே வையுங்கள், சூடு உள்ளே போகட்டும். தோட்டத்து டேப்புக்குப் போகும் வால்வை நவம்பரிலேயே வீட்டுக்குள் மூடி, வெளியே உள்ள டேப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். விட்டிருந்தால் இன்றே செய்துவிடுங்கள்.

வைஃபை தெர்மோஸ்டாட், தண்ணீர் சென்சார் எல்லாம் நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் கோவையில் நடுராத்திரி போனில் அலாரம் அடித்து என்ன பயன், இங்கே சாவியோடு ஒருவர் இல்லாவிட்டால்? மின்சாரம் போனால் இன்டர்நெட்டும் போகும், கேஸ் ஃபர்னஸும் ஓடாது. 2022 கிறிஸ்துமஸ் புயலில் தெற்கு ஒன்டாரியோவில் பல இடங்களில் அதுதான் நடந்தது.

சாவியை ஊருக்குப் போகாத ஆளிடம் கொடுங்கள். ஜனவரியில் நம்மவர்களில் பாதிப் பேர் சென்னையில்தான் இருப்பார்கள். அப்புறம், அவரை ஒருமுறை பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப்போய் அந்த வால்வை அவர் கையாலேயே மூடித் திறக்கச் சொல்லுங்கள். பழைய வால்வுகள் இறுகிப்போய்த் திரும்பாது. அப்படி இருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டு மாற்ற இப்போதே நேரம் இருக்கிறது.