ஆஃபர்ல போடுற டூல்ஸை நம்பி வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டு காரேஜ்ல பைக், கார் ரெண்டுக்கும் சின்னச் சின்ன வேலைய நானே பாத்துக்கலாம்னு இறங்கியிருக்கேன் சார். நூத்துச் சொச்சம் பீஸ் இருக்கிற டூல் செட் ஒண்ணு பாதி விலைக்கு ஆஃபர்ல ஓடுது. கூட வேலை பாக்கிறவர் ஒருத்தர் "சீப்பா வாங்குனா ரெண்டு தடவை வாங்கணும், கம்பெனி ஐட்டமா எடு"ங்கறார். கம்பெனி ஐட்டம் விலையக் கேட்டா தலை சுத்துது. என்ன பண்ணட்டும்?

பதில்: அவர் சொல்றது பாதி சரி. மீதி பாதி, டூல் வேலைய வச்சே சம்பாதிக்கிறவங்களுக்குப் பொருந்தும், மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஸ்பேனர் பிடிக்கிறவங்களுக்கு அவ்வளவா பொருந்தாது. நான் விலைய அப்புறந்தான் பாப்பேன், முதல்ல பாக்கிறது இந்த சாமான் வேலை நடுவுல காலை வாரிவிட்டா எது போகும்ங்கறதுதான். டூல் மட்டும் போகும்னா சல்லிசா கிடைக்கிறத தாராளமா வாங்குங்க. ரப்பர் சுத்தியல், கம்பி பிரஷ், எஃப் கிளாம்ப், ஆயில் பிடிக்கிற தட்டு, புனல், நட்டு போட்டு வைக்கிற காந்தக் கிண்ணம், இதுக்கெல்லாம் பெரிய பேர் பாத்து காசு கொடுத்தா அந்தக் காசு ஸ்டிக்கருக்குத்தான் போகுது.

டூலோட சேந்து போல்ட்டும் போகும்னா கொஞ்சம் யோசிக்கணும். ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ, ஓப்பன் ஸ்பேனர் எல்லாம் இந்த வகை. சூடு காட்டிச் சரியா பதம் ஏத்தாத மட்டமான ஆலன் கீ முனை மழுங்கும்போது போல்ட்டோட குழியையும் சேத்து உருட்டிட்டுத்தான் போகும், அப்புறம் அந்த ஒரு போல்ட்ட எடுக்க டிரில்லு, ஓட்டைக்குள்ள கவ்விப் பிடிச்சு வெளிய எடுக்கிற எக்ஸ்ட்ராக்டர், ஒரு நாள் லீவுன்னு இழுத்துட்டுப் போயிடும், எக்ஸ்ட்ராக்டரும் மட்டமா இருந்து உள்ளயே உடைஞ்சதுன்னா கதை முடிஞ்சது, ஏன்னா அது டிரில் பிட்டே ஏறாத அளவுக்குக் கெட்டியான இரும்பு. விலை கொடுத்து வினைய வாங்குறதும்பாங்களே, அது இதுதான். அதனால அந்த செட்ல வர்ற ஸ்க்ரூ டிரைவரை டப்பா திறக்க வச்சுக்கிட்டு, ரெண்டு மூணு சைஸ் மட்டும் நல்லதா தனியா வாங்குங்க. இன்னொரு விஷயம், ஜப்பான் கம்பெனி பைக் நிறையத்துல இருக்கிற பிளஸ் ஸ்க்ரூ நாம பிலிப்ஸ்னு நினைக்கிறது கிடையாது, ஜேஐஎஸ்னு வேற வகை, தலையில ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தா அது பெரும்பாலும் அதுதான். பிலிப்ஸ் முனை அதுல முழுசா உக்காராம மேலயே வழுக்கி தலைய நாசம் பண்ணிடும். இதுக்கு விலை உசந்த பிலிப்ஸ் டிரைவர் வாங்குனாலும் பிரயோஜனம் இல்ல, விலை கம்மியான ஜேஐஎஸ் டிரைவரே நல்லா வேலை செய்யும்.

சரி, அந்த செட்டுக்கு வருவோம். நூத்துச் சொச்சம் பீஸ்னு போட்டிருந்தா உள்ள என்னென்னன்னு லிஸ்ட்ட எடுத்து எண்ணிப் பாருங்க. பாதிக்கு மேல சின்னச் சின்ன பிட்டாதான் இருக்கும், அதையும் எண்ணிக்கையில சேத்திருப்பாங்க. 8, 10, 12, 13, 14, 17, 19 எம்எம் இந்த சைஸ் சாக்கெட் எல்லாம் இருக்கா, நடுவுல தாவாம வரிசையா வருதான்னு பாருங்க. அடுத்து, சாக்கெட் உள்பக்கம் ஆறு முனையா பன்னெண்டு முனையா. ஆறு முனை நட்டோட தட்டையான பக்கத்துல அழுத்தும், பன்னெண்டு முனை மூலை கிட்டப் பிடிக்கும், அதனால துருப்பிடிச்ச நட்டு உருள்றதுக்கு பன்னெண்டு முனையில வாய்ப்பு ஜாஸ்தி. வீட்டு வேலைக்கு ஆறு முனையே எடுங்க. குரோம் வெனடியம்னு பொறிச்சிருக்கிறத பாத்து மயங்க வேண்டாம், அது இரும்புல என்ன கலந்திருக்குங்கறத மட்டுந்தான் சொல்லுது, அதைச் சூடு பண்ணி எப்படிப் பதப்படுத்துனாங்கங்கறத சொல்லாது. டூல் நிக்கிறதும் போறதும் அந்தப் பதத்துலதான். அப்புறம் பளபளன்னு குரோம் போட்ட சாக்கெட்ட இம்பாக்ட் ரென்ச்ல, அதாவது அடிச்சு அடிச்சு நட்ட சுத்துற மிஷின்ல, மாட்டவே மாட்டாதீங்க, சிதறிப் பறக்கும், அதுக்குன்னு கறுப்பா தடிச்ச சுவரோட தனியா வருது.

"எல்லாத்தையும் முதல்ல சீப்பா வாங்கு, எது உடையுதோ அதை மட்டும் நல்லதா வாங்கு"ன்னு ஒரு யோசனை ரொம்ப நாளா சுத்துது. எனக்கும் அது பிடிக்கும், எந்த டூல நாம நிஜமா உபயோகிக்கிறோம்னு அது காட்டிக் கொடுத்துடும், பெட்டியில தூங்குற டூலுக்குக் காசு போகாது. ஆனா உடையும்போது ஆளையும் சேத்து உடைக்கிற சாமான்ல இந்தப் பரீட்சை வேண்டாம். அந்த மாதிரி கேள்வி கீழயே ரெண்டு வந்திருக்கு. ஆக செட்ட வாங்குங்க, லிஸ்ட்ட எண்ணிட்டு வாங்குங்க.

கேள்வி: மலிவா ஒரு ஜாக்கியும் ரெண்டு ஸ்டாண்டும் சேத்து காம்போவா கிடைக்குது. காருக்கு அடியில படுத்து ஆயில் மாத்த அது போதுமா அண்ணா?

பதில்: தம்பி, ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்ல. உள்ள ஒரு ரப்பர் சீல் விட்டுச்சுன்னா வண்டி இறங்கிடும், அது கம்பெனி ஜாக்கியா இருந்தாலும் அப்படித்தான். அதனால ஸ்டாண்டு இல்லாம அடியில போகவே போகாதீங்க. ஸ்டாண்டுலதான் நான் காசு கணக்கு பாக்கவே மாட்டேன். 2020ல அமெரிக்காவுல ஹார்பர் ஃப்ரெயிட்ங்கற மலிவு விலை டூல் கடைக்காரங்க தங்களோட 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள லட்சக்கணக்குல திரும்ப வாங்குனாங்க. செய்யிற அச்சு பழசாகித் தேஞ்சு போனதுல, தூக்கின கம்பத்தைப் பூட்டுற நாக்கு பல்லுல சரியா மாட்டாம, பாரம் நகந்தா கம்பம் கீழ இறங்க வாய்ப்பு இருந்துச்சாம். அதுக்குப் பதிலா கொடுத்த ஸ்டாண்டுல ஒரு மாடல்ல வெல்டிங் கோளாறுன்னு அதையும் அதே வருஷம் திரும்பக் கூப்பிட்டாங்க. சீப் கடையா இருந்தாலும் பொறுப்பெடுத்துத் திரும்ப வாங்குனாங்கங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், பேர் ஊர் இல்லாத ஸ்டாண்டுல இப்படி ஒண்ணு நடந்தா யார் கூப்பிடுவா?

வாங்கும்போது பூட்டுற நாக்கு போக குறுக்கால சொருகுற பின் ஒண்ணு தனியா இருக்கா, அடிப்பாகம் அகலமா இருக்கா, வெல்டு விட்டு விட்டு இல்லாம முழுசா ஓடியிருக்கான்னு பாருங்க. 3 டன்னுன்னு போட்டிருக்கிறது ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்காங்கறதையும் படிங்க, நிறைய இடத்துல அது ஜோடிக்குத்தான். வண்டிய இறக்கி வச்சதும் அடியில போறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல நல்லா ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க, விழுறதா இருந்தா அப்பவே விழட்டும். கழட்டின டயரையும் வண்டிக்கு அடியில தள்ளி வச்சுடுங்க. சிமெண்ட் கல்ல அடுக்கி முட்டு கொடுக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், அது விரிசல் விட்டு நேரம் கொடுக்காது, ஒரேயடியா பொடியாகிடும்.

கேள்வி: ஆஃபர்ல ஒரு டார்க் ரென்ச் வாங்கினேன். "டிக்"னு சத்தம் வருது, ஆனா சரியாத்தான் காட்டுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: நல்ல கேள்வி, ஏன்னா நாம வச்ச அளவுக்கு இறுக்கினதும் டிக்குங்கற இந்த ரென்ச் உடையாமலே கெடுக்கிற ஜாதி. தப்பாக் காட்டுனாலும் அதே டிக் சத்தம்தான் வரும். ஐஎஸ்ஓ 6789ங்கற தரக்கணக்குப்படி இந்த வகைக்கு 4 சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம், 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையோட அளவு) வரைக்கும் உள்ள சின்ன ரென்ச்சுக்கு 6 சதவீதம். வீட்லயே சோதிக்க ஒரு வழி இருக்கு. ரென்ச்சோட சதுர முனைய வைஸ்ல பிடிச்சு, கைப்பிடி படுக்கையா நிக்கிற மாதிரி வச்சு, முனையோட நடுவுலருந்து சரியா அரை மீட்டர்ல கைப்பிடியில 10 கிலோவ தொங்கவிடுங்க. அது 49 நியூட்டன் மீட்டர், ரென்ச்சோட சொந்த எடை ரெண்டு மூணு சேரும். கைப்பிடி அவ்வளவு நீளம் இல்லன்னா எடை தொங்குற தூரத்த அளந்து பெருக்கிக்கோங்க. ரென்ச்சுல செட் பண்ணி வச்ச அளவு இதுக்குக் கிட்டத்தட்ட இருக்கும்போது டிக்குனா வீல் நட்டு முறுக்க அது போதும், ரொம்ப தள்ளி டிக்குனா திருப்பிக் கொடுத்துடுங்க.

அதைவிட முக்கியம், ரென்ச்சோட அளவு. 40லருந்து 200 வரைக்கும் போற பெரிய ரென்ச்ச வச்சு 10 நியூட்டன் மீட்டர்ல முறுக்க வேண்டிய சின்ன இன்ஜின் போல்ட்டுக்குப் போனா அலுமினிய மறை பூராவும் பிடுங்கிட்டு வந்துடும், அது ரென்ச் தப்பு இல்ல. வேலை முடிஞ்சதும் ரென்ச்சுல இருக்கிற குறைஞ்ச அளவுக்கு இறக்கி வைங்க, ஸ்பிரிங் அசந்து போகாது. கழட்டுறதுக்கு அதை எடுக்காதீங்க, அதுக்கு சாக்கெட் மாட்டுற நீளக் கைப்பிடி ஒண்ணு தனியா வச்சுக்கோங்க.

கேள்வி: எந்த செட் வாங்குனாலும் 10 எம்எம் சாக்கெட் மட்டும் தொலைஞ்சு போகுதே, என்ன மாயம்?

பதில்: உலகம் பூரா இதே புலம்பல்தான். சீப்பா நாலஞ்சு வாங்கிப் போட்டு வைங்க. சீப் டூலுக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

கேள்வி: பேட்டரி டிரில்லுல ஒண்ணு 18 வோல்ட், ஒண்ணு 20 வோல்ட், இன்னொண்ணு 88னு எல்லாம் போட்டு பாதி விலைக்கு விக்கிறாங்க. எது பவர் ஜாஸ்தி?

பதில்: முதல் ரெண்டும் ஒண்ணுதான். உள்ள அஞ்சு லித்தியம் செல் வரிசையா இருக்கும், முழுசா சார்ஜ் ஆனதும் ஒண்ணு 4 வோல்ட்டுக்கு மேல காட்டும்னு அதை 20ன்னு போடுவாங்க, ஓடும்போது இருக்கிற சராசரி 3.6ஐ எடுத்தா 18. அந்த 88, 48 எல்லாம் பெரும்பாலும் மாடல் பேர்தான், வோல்ட் மாதிரி தெரியணும்னே பெருசா அடிச்சிருப்பாங்க, திறந்து பாத்தா அதே அஞ்சு செல். எவ்வளவு கரண்ட் தேங்கும்னு சொல்ற ஆம்பியர் ஹவர் கதையும் இதேதான், பேட்டரிய கையில வாங்கி எடை பாருங்க, வழக்கமா வர்ற 18650ங்கற உருளை செல் ஒண்ணு 45 கிராம் சொச்சம் இருக்கும், பத்து செல் இருக்கிறதா சொல்ற பேட்டரி பஞ்சு மாதிரி லேசா இருந்தா கணக்கு உதைக்குது.

வருஷத்துக்கு நாலு தடவை அலமாரிய மாட்ட, கதவு தாழ்ப்பாள் போட சீப் டிரில் தாராளம். ஆனா இது டிரில்லோட நிக்காது, அடுத்து கிரைண்டர், அடுத்து லைட்டுன்னு போகும், அப்ப பேட்டரி ஒண்ணுக்கொண்ணு பொருந்தலன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சார்ஜர்னு மேசை ரொம்பிடும். அதனால டிரில்ல பாக்காதீங்க, அந்த பேட்டரி ரெண்டு வருஷம் கழிச்சும் தனியாக் கிடைக்குமான்னு பாருங்க. சார்ஜ்ல போட்டுட்டு தூங்கப் போறது வேண்டாம், மலிவு பேட்டரிக்குள்ள பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்கா இருக்கும்னு நம்ப முடியாது.

கேள்வி: சின்ன மல்டிமீட்டர் ஒண்ணு ரொம்ப மலிவா கிடைச்சுது. எதுக்கெல்லாம் வைக்கலாம்?

பதில்: கார் பேட்டரிக்கு அருமை. வண்டி ஓடாம நிக்கும்போது 12.6 காட்டுனா ஃபுல், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் வந்தா பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் வேலை செய்யுது. வீட்டு மெயின் கரண்டுல மட்டும் வைக்காதீங்க. மேல கேட் 3ன்னு பாதுகாப்பு வகை அச்சடிச்சிருக்கும், உள்ள அதுக்கேத்த இடைவெளியோ ஃபியூஸோ இருக்கணும்னு கட்டாயம் இல்ல, 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் இல்லன்னு எழுதியிருக்கும் பாருங்க. அந்த ஓட்டையில ஒயர சொருகி மறந்துட்டு பேட்டரி மேல வச்சா ஷார்ட்டுதான்.

கேள்வி: ஆங்கிள் கிரைண்டரும் கட்டிங் வீலும் ஆஃபர்ல எடுக்கலாமா?

பதில்: மிஷின எடுக்கலாம், வீல மறைக்கிற தடுப்பு (கார்டு) இருக்கணும், சுவிட்ச் விட்டா நிக்கணும். வீல்ல பேரம் வேண்டாம். நல்ல வீல்ல செகண்டுக்கு 80 மீட்டர்னு ஓரத்தோட அதிகபட்ச வேகத்த அச்சடிச்சிருப்பாங்க, மணிக்கு 288 கிலோமீட்டர், அந்த வேகத்துல வீல் தெறிச்சா துண்டு முகத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்னு நினைச்சுக்கோங்க. வீல்ல எழுதின ஆர்பிஎம் மிஷினோட ஆர்பிஎம்ம விட கம்மியா இருக்கக் கூடாது. நடு ஓட்டையைச் சுத்தி இருக்கிற உலோக வளையத்துல காலாவதி தேதி போட்டிருக்கும், வீல சேத்துப் பிடிக்கிற பிசின் நாளாக நாளாக பலம் போயிடும். கிளியரன்ஸ் சேல்ல வீல் கட்டுக் கட்டா கொட்டிக் கிடந்தா முதல்ல அந்தத் தேதியப் படிங்க.

கேள்வி: மலிவா வாங்கின ரசமட்டமும் மூலமட்டமும் சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கிறது?

பதில்: ரெண்டையும் திருப்பிப் போட்டுப் பாக்கிறதுதான். ரசமட்டத்த ஒரு பலகை மேல வச்சு குமிழி எங்க நிக்குதுன்னு பாத்துட்டு, அதே இடத்துல முனைக்கு முனை மாத்தி வைங்க. குமிழி பலகையோட அதே பக்கம், அதே அளவு தள்ளி நின்னா ரசமட்டம் சரி, பலகை சாஞ்சிருந்தாலும் பரவாயில்ல. மூலமட்டத்துக்கு ஓரம் நேரா இருக்கிற பலகையில சாத்தி ஒரு கோடு போடுங்க, அப்படியே அந்தப் பக்கம் கவுத்து அதே புள்ளியிலருந்து இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா சரி. விரிஞ்சு தெரிஞ்சா, தெரியுற இடைவெளியில பாதிதான் நிஜமான தப்பு. கடையிலயே பேப்பர் பென்சில் கேட்டு வாங்கி இதைச் செய்யலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சொன்னா அந்த மூலமட்டத்த அங்கயே வச்சுட்டு வாங்க.