ஆல்கஹால், பீனால், கார்பாக்சிலிக் அமிலம்: இவற்றில் எதற்கு அமிலத்தன்மை அதிகம்? ஏன்?

வரிசை மட்டும் போதுமென்றால் ஒரே வரிதான்: கார்பாக்சிலிக் அமிலம் முதலில், பிறகு பீனால், கடைசியில் ஆல்கஹால். ஆனால் நீங்கள் ‘ஏன்’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். காலையில் சிரட்டைகளிலிருந்து சேர்த்த ரப்பர் பாலை அரித்து, தண்ணீர் கலந்து, அலுமினியத் தட்டுகளில் ஊற்றுவார் அப்பா. நீர்த்த ஆசிட்டை விட்டுக் கலக்கியதும் மேலே வெண்ணுரை எழும்; அதை வழித்தெடுத்துவிட்டு மூடி வைப்பார். பிறகு விரலால் தொட்டால் கட்டித் தயிரைப் போல அசையும். அந்த ஆசிட் ஃபார்மிக் அமிலம். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலத்தில் எதிர் மின்சுமை இருக்கிறது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. அமிலம் கொடுக்கும் புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அயனிகள்) அந்தச் சுமையைத் தணித்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

அசிட்டிக் அமிலத்தாலும் பால் உறையும். ஆனால் கூடுதலாக ஊற்ற வேண்டும். அதன் மூலக்கூறு எடை அதிகம் (60, ஃபார்மிக் அமிலத்துக்கு 46), வலிமையும் குறைவு. ஃபார்மிக் அமிலத்தின் பிகேஏ (pKa, அமில வலிமையைக் காட்டும் எண்) மதிப்பு 3.75, அசிட்டிக் அமிலத்துடையது 4.76. இந்த எண் ஒன்று குறைந்தால் அமில வலிமை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். அசிட்டிக் அமிலத்திலுள்ள மெத்தில் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுவதால், புரோட்டான் போன பிறகு மிஞ்சும் எதிர் மின்சுமை சற்றே நெருக்கடிக்கு உள்ளாகிறது.

எல்லா ஒப்பீட்டுக்கும் சாவி இதுதான். புரோட்டானைப் பார்க்காதீர்கள், அது போன பின் மிஞ்சும் அயனியைப் பாருங்கள். அதன் சுமை எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு வலிய அமிலம்.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கிய அக்கானி (பனையின் இனிப்பு நீர்) புளித்துக் கள்ளாகும். அப்படியே விட்டால் காடியாகும் (வினிகர்). கள்ளில் இருப்பது எத்தனால், காடியில் இருப்பது அசிட்டிக் அமிலம். இரண்டிலும் இரண்டு கார்பன், இரண்டிலும் ஓர் ஓஹெச் தொகுதி. ஆனால் எத்தனாலின் பிகேஏ ஏறத்தாழ 16! எத்தனால் புரோட்டானை இழந்தபின் மிஞ்சும் எத்தாக்சைடு அயனியில் சுமை ஒரே ஆக்சிஜனில் முடங்கிக் கிடக்கிறது. காடியின் அயனியிலோ உடனிசைவால் (சுமை ஒரே அணுவில் நிற்காமல் பல அணுக்களில் பரவுவதால்) இரண்டு ஆக்சிஜன்கள் அதைச் சரிபாதியாகச் சுமக்கின்றன. ஃபார்மிக் அமிலத்தின் உப்பான சோடியம் ஃபார்மேட்டில் இரண்டு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளும் ஒரே நீளமாக, 1.27 ஆங்ஸ்ட்ராமாக இருப்பது இதற்கு நேரடிச் சான்று.

பீனாலிலும் உடனிசைவு உண்டே என்று மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். உண்டு, ஆனால் அங்கே சுமை பென்சீன் வளையத்தின் கார்பன்களுக்குப் போகிறது. எதிர் மின்சுமையை ஏற்பதில் கார்பன் ஆக்சிஜனுக்கு ஈடாகாது. ஆகவே பீனாலின் பிகேஏ 10 அளவில் நிற்கிறது.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். கார்பானிக் அமிலத்தின் பிகேஏ சுமார் 6.4. அதைவிட வலிய அமிலம்தான் சமையல் சோடாக் கரைசலிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும். காடியை ஊற்றுங்கள், பொங்கும். நம் மாறாமலைக் கிராம்பின் எண்ணெயை விட்டுப் பாருங்கள். அதிலுள்ள யூஜினால் ஒரு பீனால் என்பதால் பொங்காமல், எண்ணெய்த் துளியாகவே கிடக்கும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் அதே எண்ணெயை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடோடு குலுக்கினால் யூஜினால் உப்பாக மாறிக் கரைந்துவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை: எலக்ட்ரானை இழுக்கும் தொகுதிகள் ஏறினால் வரிசை புரளும். மூன்று நைட்ரோ தொகுதிகள் கொண்ட பிக்ரிக் அமிலமும் ஒரு பீனால்தான். அதன் பிகேஏ ஏறத்தாழ 0.4; அசிட்டிக் அமிலத்தைத் தாண்டிவிடுகிறது. தேர்வில் ‘எல்லாப் பீனால்களும்’ என்று தொடங்கும் கூற்று வந்தால் இதை நினைத்துக்கொண்டு விடையைக் குறியுங்கள்.