வாசகர் கேள்வி – பதில்: மண் சுவருக்கு எதற்கு உலகப் பரிசு?

கேள்வி: ஆப்பிரிக்காவில் மண்ணால் பள்ளிக்கூடம் கட்டிய ஒருவருக்குக் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசு கிடைத்ததாகப் படித்தேன். எங்கள் தாத்தா காலத்து வீடு முழுவதும் மண் சுவர்தான். அதைக் கட்டிய கொத்தனாருக்குக் கூலிக்கு மேல் ஒரு வேட்டி துண்டுதான் கிடைத்தது. அப்படி என்ன புதுமையை அவர் செய்துவிட்டார்? (வாசகர், திருமங்கலம்)

பதில்: டிபேடோ பிரான்சிஸ் கேரேயைப் பற்றிக் கேட்கிறீர்கள். 1979 முதல் வழங்கப்பட்டுவரும் பிரிட்ஸ்கர் பரிசு 2022-இல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. புர்கினா பாசோ நாட்டின் காண்டோ என்னும் சிற்றூரில் ஊர்த்தலைவரின் மகனாகப் பிறந்த அவர், ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதிலேயே வெளியூருக்கு அனுப்பப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்த வெக்கை மிகுந்த வகுப்பறையில் படித்தார். பிறகு தச்சுத் தொழில் பயில உதவித்தொகை பெற்று ஜெர்மனி சென்றவர், பெர்லினில் கட்டடக் கலை மாணவராக இருந்த காலத்திலேயே பணம் திரட்டித் தம் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார். அது 2001-இல் முடிந்தது.

உங்கள் தாத்தாவின் கொத்தனாரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காண்டோ மக்களுக்கும் உங்களைப் போலவே ஐயம் இருந்தது. ஜெர்மனியில் படித்தவர் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக எதையோ கட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரைந்து அவர்களுக்குத் தொல்லை கொடுத்த அதே மண்ணை அவர் கையில் எடுத்தது பெரும் ஏமாற்றம். மண்ணில் ஒரு மாதிரி வளைவைக் கட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறிக் குதித்துக் காட்டிய பிறகுதான் நம்பிக்கை வந்தது.

அவர் செய்த புதுமை சுவரைவிடக் கூரையில்தான் அதிகம். களிமண்ணில் சிறிது சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த சூளையேறாத கற்கள்தாம் சுவர். அவற்றை மழை தொடாதபடி தகரக் கூரை நான்கு பக்கமும் நன்றாக நீண்டு நிற்கிறது. ஆனால் தகரக் கொட்டகையில் சித்திரை மாத மதியத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கேரே அந்தக் கூரையைச் சுவரோடு ஒட்டாமல், கம்பிச் சட்டகத்தின்மேல் தூக்கி நிறுத்தினார். கீழே மண் கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய இன்னொரு தளம் உண்டு. வகுப்பறையின் சூடான காற்று அந்த இடுக்குகள் வழியே மேலேற, தகரத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஓடும் காற்று அதை வாரிக்கொண்டு போகிறது. மின்விசிறி வேண்டியதில்லை. சட்டகத்துக்குப் பயன்பட்டது கான்கிரீட்டில் போடுகிற சாதாரண இரும்புக் கம்பி. பாரந்தூக்கி இல்லாத ஊரில் கைரம்பமும் ஒரு சிறிய வெல்டிங் கருவியும் போதுமாக இருந்தன. பிள்ளைகள் அடித்தளத்துக்குக் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள், மண் தரையை மணிக்கணக்கில் தட்டிக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அந்த வேலையைக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு வந்த கட்டடங்களையும் தாங்களே கட்டினார்கள். பரிசுக்கு உரிய செய்தி என்று நான் கருதுவது இதைத்தான்.

கேள்வி: கல் சுமந்தவர்களும் தரை தட்டியவர்களும் இருக்க, பரிசு மட்டும் ஒருவருக்கே போவது நியாயமா? (வாசகி, குளித்தலை)

பதில்: நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். முந்தைய பதிலில் நானே கேரேயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டேன், பாருங்கள், பழக்கம் அப்படி. பிரிட்ஸ்கர் பரிசு ஆளுக்குத் தரப்படுவது. 1991-இல் அது அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்ச்சூரிக்கு மட்டும் வழங்கப்பட்டது. அவருடைய மனைவியும் தொழில் கூட்டாளியுமான டெனிஸ் ஸ்காட் பிரவுனையும் சேர்க்கும்படி 2013-இல் பலர் கையெழுத்திட்டுக் கேட்டும் குழு இசையவில்லை. கூட உழைத்த மனைவிக்கே இடமில்லை என்றால் சித்தாளுக்கு எங்கே இடம்?

1977-இல் நிறுவப்பட்ட ஆகா கான் கட்டடக் கலை விருது வேறு வழியில் நடக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் இவ்விருது கட்டடத்துக்கு உரியது. பத்து லட்சம் டாலர் பரிசுத் தொகை, கட்டடக் கலைஞரோடு கட்டுவித்தவர், பொறியாளர், கைவினைஞர் எனப் பங்களித்தோர்க்குப் பிரித்துத் தரப்படலாம். நடுவர்கள் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பயன்பாட்டில் இருக்கும் கட்டடத்தை நேரில் பார்த்து வர வல்லுநர்களை அனுப்புகிறார்கள். காண்டோ பள்ளிக்கு இவ்விருது 2004-இலேயே, அதாவது பிரிட்ஸ்கருக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்துவிட்டது. மண்ணாலும் மூங்கிலாலும் வங்கதேசத்தின் ருத்ரபூரில் எழுந்த பள்ளிக்கு 2007-இல் கிடைத்தது.

கேள்வி: மக்களுக்காகக் கட்டியதாகச் சொல்லி, அந்த மக்களே குடிபோக மறுத்த கட்டடம் உண்டா? (வாசகர், சிதம்பரம்)

பதில்: உண்டு, அதுவும் மிகப் புகழ்பெற்ற ஒன்று. எகிப்தின் லக்சருக்கு அருகே பழைய குர்னா மக்கள் பழங்காலக் கல்லறைகளின் மேல் வீடு கட்டி வாழ்ந்தார்கள். கல்லறைப் பொருள்கள் களவு போவதைத் தடுக்க நினைத்த அரசு அவர்களை இடம்பெயர்க்க முடிவு செய்து, புதிய ஊரைக் கட்டும் பொறுப்பை 1940-களில் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியிடம் ஒப்படைத்தது. தெற்கேயிருந்து வந்த நூபியக் கொத்தனார்கள் மரச்சாரம் கொடுக்காமலே மண் செங்கலால் வளைகூரை எழுப்பும் கலையை அங்கே காட்டினார்கள். மசூதியும் சந்தையும் குளிர்ந்த முற்றங்களுமாக ஊர் அழகாகவே உருவானது, ஆனால் குர்னாவாசிகளில் பெரும்பாலோர் வரவில்லை. பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. குவிமாடமோ அவர்கள் கண்ணுக்குச் சமாதியை நினைவூட்டியது. ஃபாத்திக்கு 1980-இல் ஆகா கான் விருதுக் குழு ‘தலைவர் விருது’ என்னும் தனி விருதை வழங்கிச் சிறப்பித்தது. அவருடைய திறமைக்கு அது தகும். ஆனால் இடம்பெயரச் சம்மதமா என்று மக்களைக் கேட்காமல் தொடங்கிய ஒரு வேலையை மக்கள் பங்கேற்புக்கு எடுத்துக்காட்டாக நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி யாரையாவது பாராட்டியிருக்கிறார்களா? போய்ப் பார்க்க ஏதேனும் இடம் சொல்லுங்கள். (வாசகி, ஆம்பூர்)

பதில்: கேரளத்தில் குறைந்த செலவு வீடுகளுக்காக உழைத்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்கு 1990-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னொரு கட்டடக் கலைஞரான பாலகிருஷ்ண தோஷி 2018-இல் பிரிட்ஸ்கர் பெற்றார். இந்தூரில் அவர் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு 1995-இலேயே ஆகா கான் விருது பெற்றது. ஏழைக் குடும்பங்களுக்கு அங்கே முழு வீடு தரப்படவில்லை. மனை, அடித்தளம், கழிப்பறை, ஓர் அறை என்ற அளவில் கொடுத்து, மீதியைக் கையில் காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொள்ள விட்டார்கள். உங்களுக்கு அருகில் என்றால், சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள, தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவுக்குப் போகலாம். அதன் தொடக்க வடிவமைப்பு பேக்கருடையது; அவரிடம் தொழில் பயின்ற பென்னி குரியகோஸ் அதைத் தொடர்ந்து செய்து முடித்தார். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மதிய வெயில் ஏறிய பிறகு உள்ளே நுழைந்து, சுவரில் கை வைத்துப் பாருங்கள்.